"எல்லாம் சிங்க் ஆகுது டீச்சர்" என்று சொல்கிறவர்களுக்கு

பதிவு நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். பாதியைக்கூடப் படிக்காமல் "சூப்பர் டீச்சர்" என்று கமெண்ட் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பிலேயே தெரியும்.

விஷயம் இதுதான். நம் பள்ளிப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு திட்டம் வந்தது. வகுப்புக் குரூப் போட்டோ, ஆண்டுவிழாப் படங்கள், என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களிடம் இருக்கும் பழைய பிலிம் காலத்துப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒன்றுசேர்ப்பது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மூன்றையும் ஒரு மென்பொருளால் இணைத்துவிடுவது. ஒன்றில் போட்டால் மற்ற இரண்டிலும் தானாக வந்துவிடும். குழுவில் இருக்கும் எல்லோருக்கும் போடவும், மாற்றவும், நீக்கவும் உரிமை. "மூணு இடத்துல இருக்கும் டீச்சர், இனிமே தொலையவே தொலையாது" என்று எழுதியிருந்தார்கள். கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. நான் மட்டும் வேண்டாம் என்றேன். உடனே ஒருவன், "காலம் மாறிடுச்சு டீச்சர்." இன்னொருத்தி, "டீச்சருக்கு கிளவுட்னா பயம்."

பயமெல்லாம் ஒன்றும் இல்லை. என் ஆதார் டிஜிலாக்கரில் இருக்கிறது. பேத்தியின் படங்களை கூகுள் போட்டோஸில்தான் பார்க்கிறேன். சேர்த்து வைக்க வேண்டும் என்ற எண்ணமும் மிக நல்லது, அதைச் சொன்ன பிள்ளைகளைப் பாராட்டுகிறேன். என் சண்டை அந்த "தொலையவே தொலையாது" என்ற வார்த்தையோடுதான்.

சிங்க் என்றால் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் இடம். கழுவித் துடைத்து வைப்பதில் இரண்டும் ஒரே ஜாதிதான். சிங்க் மென்பொருளுக்குக் கொடுத்திருக்கும் வேலை ஒன்றே ஒன்று: இந்த இடமும் அந்த இடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இங்கே ஒரு படம் வந்தால் அங்கேயும் வர வேண்டும். இங்கே ஒரு படம் போனால் அங்கேயும் போக வேண்டும். முதல் பாதியைக் கேட்டுவிட்டுக் கைதட்டுகிறீர்கள். இரண்டாவது பாதியை யாரும் கவனிப்பதில்லை. தெரிந்து அழித்தார்களா, குழந்தையின் விரல் பட்டு அழிந்ததா, வைரஸ் வந்து கெடுத்ததா என்று அது விசாரிக்காது. சொன்ன வேலையைச் செய்துவிடும். மூன்று இடத்திலும், ஒரே நிமிஷத்தில், பிசகு இல்லாமல்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், செய்தவர்கள் சொல்வதை நம்புங்கள். ஆர்குளோன் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம், மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது, எழுபதுக்கும் மேற்பட்ட சேமிப்புச் சேவைகளோடு பேசும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் நாத்தனார் மகன் அதைக் காட்டினான். கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்தேன். அதில் 'காப்பி' என்று ஒரு கட்டளை, 'சிங்க்' என்று வேறு ஒரு கட்டளை. காப்பி என்றால் புதிதாக வந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், மாறியதை மாற்றும், ஆனால் அந்தப் பக்கம் ஏற்கெனவே இருப்பதை நீக்காது. சிங்க் என்றால், மூலத்தில் இல்லாதது எதுவும் அந்தப் பக்கத்திலும் இருக்கக் கூடாது, நீக்கிவிடும். இதனால் தரவு இழப்பு ஏற்படலாம், முதலில் ஒத்திகை ஓட்டிப் பார் என்று கையேட்டிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். எழுதியவர்களே இரண்டையும் பிரித்து இரண்டு பெயர் வைத்து, ஒன்றுக்கு எச்சரிக்கையும் வைத்திருக்கும்போது, நாம் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிதில் முதலில் திட்டு வாங்காமல் கற்றுக்கொண்ட வேலை, பதிவேடு எழுதுவது. சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி தப்பாக விழுந்துவிட்டால் ரப்பர் போடக் கூடாது, சுரண்டக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். மேலே சரியானதை எழுதி, தலைமையாசிரியர் சுருக்கொப்பம், தேதி. என்ன மாறியது, யார் மாற்றினார், எப்போது மாற்றினார் எல்லாம் அந்த ஒரு வரியில் நிற்கும். முப்பது வருஷம் கழித்துப் பிறந்த தேதித் தகராறோடு வந்தவர்களுக்கு அந்தக் கோட்டின் அடியில் இருந்த எழுத்துதான் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறது. சிங்க் அந்தக் கோட்டைப் போடாது. அது வெள்ளை மை பூசுகிற ஜாதி.

இன்னும் பெரிய சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. உத்திரமேரூர்க்காரர்களுக்குக் குடவோலை பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்காம் வகுப்பில் உங்களை வரிசையாக வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டியிருக்கிறேன். (இரண்டு பேர் பின்பக்கமாக நழுவி ஐஸ் வாங்கப் போனீர்கள், அதுவும் நினைவிருக்கிறது.) அப்போது நான் அழுத்திச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அங்கே இருப்பது ஒரு சாசனம் இல்லை, இரண்டு. முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல் ஒன்று. 14-ஆம் ஆட்சியாண்டில், 921-இல் இன்னொன்று. முதல் ஏற்பாட்டில் குறைகள் தெரிந்ததால் இரண்டே ஆண்டில் சபை விதிகளைத் திருத்தியது. வாரியத்துக்கு வருகிறவரின் வயது முதல் சாசனத்தில் 30-க்கு மேல் 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல் 70-க்குள்.

திருத்தியவர்கள் பழைய கல்லைச் செதுக்கி அழித்துவிடவில்லை. பழையது பழையதாகவே நிற்க, புதியதைத் தனியாக வெட்டினார்கள். அதனால்தான் ஆயிரத்து நூறு வருஷம் கழித்து நமக்கு இந்த ஊர் சபை என்ன நினைத்தது, பிறகு எப்படி மனம் மாறியது என்பது வரைக்கும் தெரிகிறது. அந்தச் சபை நீங்கள் சொல்லும் மென்பொருளை வைத்திருந்தால் 921 மட்டும்தான் மிஞ்சியிருக்கும். 919 என்று ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது.

அந்தக் கல்லுக்கு நகலும் உண்டு. தொல்லியல் துறைக்காரர்கள் ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றி எடுப்பார்கள். மைப்படி என்று பெயர். அப்படி எடுத்த வாசகத்தை வெங்கையா என்ற கல்வெட்டறிஞர் படித்து, இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் பதிப்பித்தார். இப்போது கல்லும் இருக்கிறது, அச்சும் இருக்கிறது. அந்தத் தாளில் யாராவது காபியைக் கொட்டினால் உத்திரமேரூர் சுவரில் கறை படியுமா? நகல் என்றால் அதுதான். ஒரு பக்கம் கெட்டது மறுபக்கத்துக்கு ஓடிவரக் கூடாது. கல்லிலிருந்து தாளுக்குப் போகலாம், தாளிலிருந்து கல்லுக்குத் திரும்பக் கூடாது.

"இதெல்லாம் கதை டீச்சர், நடக்குமா?" என்பீர்கள். நடந்தது. நம் மாணவன் ஒருவன், பெயர் வேண்டாம், ஒரகடம் பக்கம் கம்பெனியில் இருக்கிறான். அப்பா போனபிறகு அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த குரல் பதிவுகள், நிலப் பத்திரத்தின் ஸ்கேன், கல்யாண வீடியோ எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, இரண்டு சேவைகளை ஒரு மென்பொருளால் கோத்து வைத்திருந்தான். வீட்டில் எல்லோர் போனிலும் அது தெரியும். தம்பி போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்தது. தம்பி "இதான் அண்ணன்கிட்ட இருக்கே" என்று அந்த ஃபோல்டரை நீக்கினான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அண்ணன் மேல் இருந்த நம்பிக்கையில் செய்தான். அப்பாவின் முதல் வருஷ திதிக்குக் குரலைப் போட்டுக் கேட்கலாம் என்று அவன் திறந்தபோது நீக்கி நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு இடத்திலும் காலி. பத்திரம் தப்பித்தது. ஏனென்றால் அசல் அவன் அம்மாவின் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. குரலுக்கு பீரோ இல்லை.

குப்பைத்தொட்டி இருக்கிறதே என்று ஒரு பதில் வரும். இருக்கிறது. கூகுள் டிரைவில் 30 நாள். ஒன்டிரைவ் தனிநபர் கணக்கிலும் 30 நாள். டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கிலும் 30 நாள். கூகுள் போட்டோஸில் ஏற்றி வைத்த படமானால் 60 நாள். சொல்லுங்கள், பழைய குரூப் போட்டோவை எத்தனை நாளைக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறீர்கள்? நான்கு வருஷத்துக்கு ஒருமுறை யாராவது ரீயூனியன் என்று கிளம்பும்போதுதானே? தொலைந்ததே தெரியாதவனுக்கு முப்பது நாள் தவணை கொடுத்து என்ன பயன்?

அடுத்த பதில், "ஒரு கம்பெனி தீப்பிடிச்சாலும் மத்த ரெண்டு இருக்குமே." இதை ஒப்புக்கொள்கிறேன். முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தகவல் மையம் ஒன்றில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பு, 858 டெராபைட், எரிந்துபோனது. அளவு பெரியது என்று வெளியே வேறு நகல் வைக்கவில்லை. கணினித் தொழிலில் அவ்வளவு முன்னேறிய நாடு. யாழ்ப்பாண நூலகத்தை 1981-இல் எரித்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின, வேறு எங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் அதில் அடக்கம். ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை.

ஆனால் தீ ஒரு வகை ஆபத்து, கை இன்னொரு வகை. தீ ஓர் இடத்தில் பிடிக்கும். அதற்கு மருந்து வேறு இடம். கை தவறினால் எல்லா இடத்திலும் தவறும். அதற்கு மருந்து வேறு காலம்: போன மாதம் எப்படி இருந்தது, போன வருஷம் எப்படி இருந்தது என்று தனித்தனியாக நிற்கும் படிகள். உங்கள் திட்டத்தில் மூன்று இடம் இருக்கிறது, ஆனால் காலம் ஒன்றே ஒன்று, இந்த நிமிஷம். நம் வீடுகளில் டேட்டா சென்டர் தீப்பிடித்து எத்தனை பேருக்குப் படம் போயிற்று, "ஸ்பேஸ் இல்லை" என்று யாரோ நீக்கி எத்தனை பேருக்குப் போயிற்று, நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இப்போது சொந்தக்காரர்கள் பக்கம் வருகிறேன். நம் குடும்பத்தில் ஒரு மாப்பிள்ளை ஏழு ஜிமெயில் கணக்கு வைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் 15 ஜிபி இலவசம், ஏழையும் ஒரு மென்பொருளால் கோத்தால் 105 ஜிபி என்று கணக்கு. கணக்கு சரிதான் மாப்பிள்ளை, பெருக்கல் வாய்ப்பாடு உங்களுக்கு நன்றாக வரும். ஆனால் இலவசம் கொடுத்தவர்கள் விதியை மாற்றுவார்கள். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் ஏற்றிக்கொண்டிருந்தது 2021 ஜூன் 1 முதல் நின்றுபோனதே, மறந்துவிட்டதா? இரண்டு வருஷம் தொடாத கணக்கை உள்ளே இருப்பதோடு நீக்கலாம் என்று கூகுள் 2023-இல் விதி கொண்டுவந்தது. ஏழு கணக்கின் பாஸ்வேர்டும் உங்கள் ஒருவர் தலைக்குள் இருக்கிறது. தங்கச்சிக்கு ஒன்றாவது தெரியுமா?

இன்னொரு ஏமாற்றம். கூகுள் டாக்ஸில் எழுதியதை லேப்டாப் ஃபோல்டரில் பார்த்துவிட்டு அதையே வேறு இடத்துக்குக் காப்பி செய்கிறார்கள். அந்தக் கோப்புக்குள் எழுத்தே இல்லை. அது வெறும் முகவரிச் சீட்டு. அசல் கூகுளில் போனால் சீட்டு மட்டும் கையில் நிற்கும். வேர்டாகவோ பிடிஎஃப் ஆகவோ இறக்கி வைத்தால்தான் படி. ஒன்டிரைவிலும் மேகப் படம் போட்டுக் காட்டும் கோப்பு உங்கள் கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் தெரிகிறது.

அந்த இணைக்கும் மென்பொருளுக்குச் சாவி கொடுப்பதையும் சொல்ல வேண்டும். இணைக்கும்போது ஒரு பக்கம் வரும். உங்கள் டிரைவில் உள்ள எல்லாக் கோப்புகளையும் பார்க்க, திருத்த, உருவாக்க, நீக்க அனுமதிக்கிறீர்களா என்று கேட்கும். வாசலில் வந்த ஆளிடம் பீரோ சாவியைக் கொடுப்பீர்களா? மூன்று வீட்டு பீரோ சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து? எல்லா மென்பொருளும் மோசம் என்று நான் சொல்லவில்லை. யார் செய்தது, எந்த ஊர், எத்தனை நாளாக இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் 'அனுமதி' என்று அழுத்துகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். முன்பு கொடுத்த சாவிகள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பட்டியலாக இருக்கும். இன்று ராத்திரி திறந்து பாருங்கள். என் அக்கா பேரன் கணக்கில் பதினொன்று இருந்தது, எட்டு எதற்கென்றே அவனுக்குத் தெரியவில்லை.

அப்படியானால் இந்த மென்பொருள்கள் எதற்கும் ஆகாதா? ஆகும். அன்றாடம் எழுதுகிற கோப்பு போனிலும் லேப்டாப்பிலும் ஒன்றாக இருக்க சிங்க் அருமையானது. ஓர் இடத்தைக் காலி செய்து இன்னோர் இடத்துக்குக் குடிபோகவும் இவை வேண்டும். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் நான்கு வருஷப் படத்தை வைத்துவிட்டு, படிப்பு முடிந்து கணக்கை மூடப்போகிறார்கள் என்றதும் அலறுகிறீர்களே, அப்போது உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறக்க முடியாது, ஆர்குளோன் மாதிரி ஒன்றுதான் கைகொடுக்கும். இதுவும் புதிதில்லை. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டுவதற்கு முன், சுவரில் உள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளும்படி முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் உத்தரவிட்டான். மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவற்றைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். நடுவில் பத்து வருஷத்துக்கு மேல். அந்தப் புத்தகம் யாரும் தொடாமல் தனியாக இருந்ததால்தான் இது நடந்தது. இடித்த சுவரோடு அந்தப் புத்தகமும் 'சிங்க்' ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் திட்டத்துக்கு வருகிறேன். என்னிடம் ஒரு படம் இருக்கிறது, 1991-இல் எடுத்த ஐந்தாம் வகுப்புக் குரூப் போட்டோ. வலது ஓரத்தில், பாதி உடம்பு படத்துக்கு வெளியே போகிற மாதிரி, சத்துணவு ஆயா நிற்கிறார். உங்களில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். அவருக்கு வேறு படமே கிடையாது. அவர் காலமானபோது மகள் என்னிடம் வந்து, இந்தப் படத்திலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி மாலை போட்டார். படம் எடுத்த ஸ்டுடியோ மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது, நெகட்டிவ் கிடையாது. இந்தப் படத்தை, எல்லோருக்கும் நீக்கும் உரிமை உள்ள ஒரு ஃபோல்டரில், நீக்கியதை மூன்று இடத்திலும் நீக்கிவிடும் ஒரு மென்பொருளின் கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள். கொடுக்க மாட்டேன்.

இப்படிச் செய்தால் கொடுக்கிறேன். போடும் இடம் ஒன்று, காக்கும் இடம் வேறு. போடும் இடத்தில் எல்லோரும் போடுங்கள், விளையாடுங்கள். அங்கிருந்து காக்கும் இடத்துக்கு ஒருவழிப் பாதை, காப்பி மட்டும். மாதம் பிறந்தால் அந்த மாதத்தின் பெயரில் புது ஃபோல்டர், பழையதைத் தொடக் கூடாது. காக்கும் இடத்தின் உரிமை இரண்டே பேருக்கு, ஒருவர் ஊரில் இருப்பவர், ஒருவர் வெளியூர். அதற்குமேல் இரண்டு ஹார்ட் டிஸ்க், எந்த ஒயரிலும் மாட்டாமல், இரண்டு வீட்டு பீரோவில். டிஸ்கும் ஒருநாள் சாகும், அதனால் வருஷா வருஷம் சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தோடு அதையும் எடுத்துவைத்து, மறுநாள் மாட்டிப் பத்துப் படத்தையாவது திறந்து பார்க்க வேண்டும். முக்கியமான இருபது முப்பது படங்களைப் பிரிண்ட் போட்டு ஆல்பம். மாற்றுச் சான்றிதழ் ஸ்கேன் எதுவும் இதில் வரக் கூடாது. அவரவர் ஜாதி, பிறந்த தேதி, அப்பா பெயர் ஊருக்கெல்லாம் எதற்கு?

இதற்குச் செலவு, இரண்டு டிஸ்கின் விலை. ஒரு டிஸ்க் நான் வாங்கித் தருகிறேன். மற்றதை, போன ரீயூனியனில் டீ ஷர்ட்டுக்கு வசூல் செய்த கமிட்டி யோசிக்கட்டும்.

"காலம் மாறிடுச்சு" என்று எழுதிய தம்பிக்கு மட்டும் தனியாக ஒரு வேலை. கடைசியாக நீ போன் மாற்றியது எப்போது என்று நினைவிருக்கும். அதற்கு முந்தைய போனில் இருந்த உன் கல்யாணப் படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்த்துக் கீழே எழுது. "கிளவுட்ல இருக்கும் டீச்சர்" என்று எழுதாதே. திறந்து பார்த்துவிட்டு எழுது.

என்னிடம் இருக்கும் படங்களை ஸ்கேன் செய்ய விருப்பமுள்ளவர்கள் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம். படங்கள் வாசற்படி தாண்டாது, ஸ்கேனரைக் கொண்டு வரவும். கேபிளை மறந்துவிட்டு வந்து "டீச்சர், உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்காதீர்கள், இல்லை.